தட்டப்பாறையிலிருந்து தலைமன்னார் வரை: பெரியம்மாவோடு ஒரு சிலோன் பயணம்

சனி, தூத்துக்குடி (2025 மாசி)

விமானம் நாளைக்குத்தான், அதுவும் மதுரையிலிருந்து. ஆனால் பயணத்தை இன்றைக்கே தொடங்கிவிட்டோம். "பறக்கிறதுக்கு முன்னால எங்க தாத்தா போன வழிய ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம் ஏட்டி" என்று பெரியம்மா நேற்றே சொல்லிவைத்திருந்தாள். காலையில் நெல்லை ஜங்ஷனில் தூத்துக்குடி வண்டி ஏறினோம்.

வாஞ்சி மணியாச்சியில் வண்டி கிழக்கே திரும்புகிறது. மணியாச்சி என்றால் 1911இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்கள் வீட்டில் அந்த ஸ்டேஷனுக்கு இன்னொரு கதையும் உண்டு. பெரியம்மாவின் தாத்தா, அதாவது என் பூட்டனார், கயத்தாறுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு நடந்து கடம்பூர் வந்து, ரயிலேறி, மணியாச்சியில் மாறி, தட்டப்பாறையில் இறங்கினாராம். தனுஷ்கோடி ரயில் வராத காலம் அது. சிலோன் தோட்டங்களுக்குப் போகிறவர்களைக் கப்பலேற்றும் முன் அடைத்துவைக்கத் தட்டப்பாறையில் முகாம் இருந்தது. காலரா, பிளேக் பயம். அம்மை குத்தி, நாள்கணக்கில் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தூத்துக்குடிக்கு விடுவார்கள். எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆள் என்று எண் பொறித்த தகர வில்லை ஒன்றையும் கொடுப்பார்கள்.

வண்டி தட்டப்பாறையைக் கடந்தபோது பெரியம்மா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள். உடைமரமும் கரம்பை மண்ணும் ஆடுகளும்தான். முகாம் இருந்த இடம் எது என்று சொல்ல வண்டியில் ஒருவரும் இல்லை. ஆயிரக்கணக்கான நம் ஜனங்கள் இந்த நாட்டு மண்ணில் கடைசியாகத் தூங்கிய இடத்துக்கு ஒரு கல்லாவது நட்டிருக்க வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போனோம். 1974இல் புதுத் துறைமுகம் வந்த பிறகு பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. இங்கே தோணிகள்தான். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் செங்கலும் மணலும் ஏற்றிப் போகிற மரத்தோணிகள். அந்தக் கரையில் நின்றால் வ.உ.சி.யை நினைக்காமல் முடியாது. 1906இல் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, மறு ஆண்டு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கி வந்து இங்கிருந்து கொழும்புக்கு ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மாவே ஏற்றியது. குடையும் கொடுத்தது என்பார்கள். அந்தக் கப்பல் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் நாம் தலைவரை மட்டும்தான் பார்க்கிறோம். தளத்தில் ஏறிய பயணிகள் யார்? கொழும்பில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்தார், நாடார் வியாபாரிகள், பரதவர். அவர்களோடு தோட்டத்துக்குப் போன ஏழைகள். நம் ஜில்லாக்காரர்களுக்கு அன்றைக்கு மெட்ராஸ் தூரம், கொழும்பு பக்கம். ஒரு ராத்திரி கடலில் கழிந்தால் விடியும்போது கொழும்பு.

தோணியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தண்டலிடம் (தோணித் தலைவர்) பெரியம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"கொழும்புக்கு ஆள் ஏத்துவியளா அண்ணாச்சி?"

"ஆள் ஏத்த அனுமதி கெடையாதும்மா. 2011ல பெரிய கப்பல் ஒண்ணு விட்டாவல்லா, சனங்கள ஏத்திட்டு? சித்த நாள் ஓடுச்சு. அப்புறம் நின்னுட்டு."

அந்தக் கப்பல் எனக்கும் நினைவிருக்கிறது. ஜூனில் தொடங்கி நவம்பரோடு முடிந்துபோனது. பெரியம்மா அதில் போக ஆசைப்பட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருந்தாள். பாஸ்போர்ட் கைக்கு வரும்போது கப்பல் இல்லை.

ஞாயிறு, கொழும்பு

நெல்லைப் புதிய பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை ஏறியபோது திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற பச்சை வேட்டிக்காரர்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள். மாசித் திருவிழா. பெரியம்மா பஸ்ஸுக்குள்ளிருந்தே முருகனைக் கும்பிட்டுக்கொண்டாள். நாங்கள் வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போய், கப்பலூரில் இறங்கி, ரிங் ரோட்டில் கார் பிடித்து மதுரை விமான நிலையம் சேர்ந்தோம். நெல்லையிலிருந்து தூத்துக்குடிக் கடல் 50 கிலோமீட்டர். தென்கிழக்கே இருக்கிற ஊருக்குப் போக இன்றைக்கு நாம் முதலில் வடக்கே ஓட வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். இ.டி.ஏ. எனப்படும் பயண அனுமதியை வீட்டிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடலாம். அந்த நாட்டு அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. பெரியவர்களோடு போனால் மருந்துச் சீட்டைக் கைப்பையிலேயே வையுங்கள். எங்கள் பெட்டியில் துணியைவிட உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் பத்தமடைப் பாய் ஒன்றும்தான் அதிக இடம் பிடித்தன.

பறக்கும் நேரம் சுமார் ஒரு மணிதான். மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் கடற்கரை வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் சில, பச்சை நீரில் வெள்ளை விளிம்போடு தெரிந்தன. காபி குடித்து முடிப்பதற்குள் தென்னந்தோப்புகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தோம்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி பெரியம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த இடம் ஹட்டன் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்து, சிங்களச் சாயலுள்ள தமிழில், "ஊருக்கு வாறீங்களா அம்மா?" என்று கேட்டார். பெரியம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்த மனிதருக்கு என் நன்றி. முத்திரை குத்துகிற கையோடு அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே பெரியம்மா இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

187ஆம் எண் பஸ்ஸில் கோட்டைக்கு வந்தோம். தங்கியிருப்பது செட்டியார் தெருவுக்குப் பக்கம். நகைக்கடைகள், கதிரேசன் கோயில்கள், தமிழில் பெயர்ப் பலகைகள். இரவுச் சாப்பாடு இடியப்பம், சொதி, சம்பல். நெல்லையில் சொதி என்றால் மறுவீட்டு விருந்து; முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு எல்லாம் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவார்கள். இங்கே சொதி தண்ணீராக, தினப்படிக் குழம்பாக, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் வருகிறது. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. பெரியம்மா இடியப்பத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

திங்கள், ஹட்டன்

இன்று முழுக்க ரயில். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகிற வண்டி. முன்பதிவுச் சீட்டுகள் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கே தீர்ந்துவிடுகின்றன. எங்களுக்கு மூன்றாம் வகுப்புதான் கிடைத்தது. அதுவே நல்லதாயிற்று. எதிரே உட்கார்ந்தவர்கள் நாவலப்பிட்டிக்குப் போகிற ஒரு தமிழ்க் குடும்பம். எங்கள் கடலை மிட்டாய்க்கு அவர்கள் வடை கொடுத்தார்கள்.

புறப்பட்டுச் சிறிது நேரத்தில் ராகமை. தூத்துக்குடிக் கப்பலில் வந்தவர்களை இறக்கி மறுபடியும் நோய் பார்த்து அடைத்துவைத்த முகாம் இங்கே இருந்தது. அக்கரையில் தட்டப்பாறை, இக்கரையில் ராகமை. பூட்டனார் இதே பாதையில் இதே திசையில் போயிருப்பார்.

ரம்புக்கனையில் மலை ஏற்றம் தொடங்குகிறது. நம் ஊட்டி மலை ரயிலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஊட்டிப் பாதை குறுகலானது, பல்சக்கரத்தின் பிடியில் ஏறுவது. இங்கே நம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஓடுகிற அதே அகலப் பாதை, பல்சக்கரம் எதுவும் இல்லாமல், வளைந்து வளைந்தே பட்டிப்பொலைக்கு அருகே 1,898 மீட்டர் உயரம் வரை போய்விடுகிறது. கண்டிக்கு 1867இல், நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல் என்று கொஞ்சம் கொஞ்சமாக மலையைக் குடைந்து போட்ட பாதை. முதலில் காப்பிக்காகப் போட்டார்கள். 1869இலிருந்து இலைத்துரு நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிந்த பிறகு தேயிலைக்கானது. பாதை போட்டதிலும் நம் ஜனங்களின் கை இருக்கிறது. சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள்.

பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. ஸ்டேஷன் பலகைகள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. பெரியம்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு வரிசை மறக்கவே இல்லை; வட்டவளை வருமுன்னே வட்டவளை என்றாள்.

ஹட்டனில் இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. மேடையில் அத்தை நின்றார். என் தாத்தாவும் அத்தையின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அந்த முறையில் பெரியம்மாவுக்கு மதினி, எனக்கு அத்தை. 1972இல் இதே மேடையில்தான் இருவரும் பிரிந்தார்கள். அப்போது பெரியம்மாவுக்குப் பதினான்கு வயது, அத்தைக்குப் பதினாறு.

அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. இருவரும் பக்கத்து அறையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய், தோட்டம்

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு என் எழுத்தால் எந்தத் தொந்தரவும் வரக் கூடாது. ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் வழியில், காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே தெரிகிற மலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிந்தால் சிவனொளிபாத மலையின் கூம்பு தெரியும்.

காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தில், பேர் எடுத்துவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் பெண்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. இப்போதெல்லாம் பல இடங்களில் கூடைக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்குப் பை வந்துவிட்டது. அத்தையின் மருமகளோடு நாங்களும் ஏறினோம். பெரியம்மா புதருக்குள் கையை விட்டாள். இரண்டு இலை, ஒரு மொட்டு. கை தானாகப் போயிற்று. சிறுமியாய் இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்குக் கூடை நிரப்பிக் கொடுத்த கை அது. மருமகள், "பெரியம்மாவுக்கும் பேர் போட்டுடலாம்" என்றாள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

தை, மாசி இங்கே வறட்சியான மாதங்கள். கொழுந்து குறைவு, ஆனால் இந்தப் பகுதித் தேயிலைக்கு இந்தக் காலத்தில்தான் வாசம் கூடுதலாம். கொழுந்து குறைந்தால் பறிக்கிறவர்களுக்கு என்ன நடக்கும்? நிறுத்துப் பார்க்கும்போது அன்றைக்கு வேண்டிய கிலோ இல்லையென்றால் அரைப் பேர். அரைச் சம்பளம். முழு நாளுக்கு 2025 மாசியில் அடிப்படைச் சம்பளம் 1,350 இலங்கை ரூபாய். நம் பணத்தில் 400 அளவு. 2024இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகு வந்த தொகை. கடையில் அரிசி, பால்மா விலையைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. உலகம் முழுக்கக் குடிக்கிற தேயிலை இது. பறிக்கிறவள் தன் வீட்டில் குடிப்பது தூளிலிருந்து வடித்த சாயத்தண்ணி.

பெரியம்மா பிறந்த லயம் இன்னும் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். தகரம் மாற்றியிருக்கிறார்கள். இப்போது அந்தக் காம்பராவில் இருக்கிற குடும்பம் எங்களை உள்ளே அழைத்து ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தது. பெரியம்மா சுவரைத் தடவிக்கொண்டு ஒரு மூலையைக் காட்டினாள். "இங்கனதான் எங்கம்மாவுக்கு ஒங்க அம்மா பொறந்தா." என் அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவள் பிறந்த இடத்தின் தரையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு அத்தை ஒரு தகரப் பெட்டியைத் திறந்து கடதாசிகளைக் காட்டினார். இந்தக் குடும்பம் பிரிந்த கதை அதில் இருக்கிறது. 1948இல் புதுச் சுதந்திர நாடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த லட்சங்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்டுப் பேசிய ஒப்பந்தமல்ல அது. கடைசியில் விண்ணப்பம் எழுதும்போதுதான் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை வந்தது. எங்கள் தாத்தா, பார்த்திராத கயத்தாற்று மண்ணை நம்பி இந்தியாவுக்கு எழுதினார். அவருடைய அக்காள் வீட்டார், பிறந்த மலையை விட மாட்டோம் என்று சிலோனுக்கு எழுதினார்கள். ஒரே லயத்தில் ஒட்டி ஒட்டி இருந்த இரண்டு காம்பரா, இரண்டு நாடாயிற்று.

"யாரு எழுதினது சரி மதினி?" என்று பெரியம்மா கேட்டாள்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்களுக்கு அங்க ஊர்ல சிலோன்காரின்னு பேரு. எங்களுக்கு இங்க இந்தியாக்காரின்னு பேரு. இதுல சரி என்னா, பிழை என்னா."

எனக்கு மாஞ்சோலை நினைவு வந்தது. பெரியப்பா வழி உறவுக்காரர்கள் அங்கே மூன்று தலைமுறை கொழுந்து பறித்தவர்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து உருவான தோட்டம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து ஊர். 2024 ஜூனோடு அங்கே வேலை நின்று, லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மலையில் பிறந்து மலையிலேயே கிழவியானவர்கள் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் வாடகை வீடு தேடினார்கள். கடலுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்கள் எத்தனை தலைமுறை உழைத்தாலும் காலடி மண் சொந்தமாவதில்லை. இங்கே இந்திய அரசின் உதவியில் சில தோட்டங்களில் தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் ரோஜாச் செடி, பின்னால் கோழிக்கூடு என்று அந்த வீடுகளைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. எல்லா லயங்களும் அப்படி மாற வேண்டும். மாஞ்சோலைக்காரர்களுக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும்.

புதன், தோட்டம்

எங்கும் போகவில்லை. கருப்பட்டிக் காப்பி போட்டு லயம் முழுக்கக் கொடுத்தோம். பத்தமடைப் பாயை அத்தை சாமிப் படத்துக்கு முன்னால் விரித்துவிட்டார். அதில் யாரையும் உட்கார விடவில்லை.

வியாழன், மன்னார்

அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். அத்தான் ஒரு வேன் பேசி அவரே ஓட்டினார். பெரியம்மா ஹட்டனில் ஏறிய ரயில் போன இடம்வரை போய்ப் பார்ப்பது என்று முடிவு.

கண்டியைத் தாண்டி மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் நிறுத்தினோம். அடுத்த வாரம் மாசி மகத் தேர்; ஐந்து தேர்கள் ஓடும் திருவிழா. தேருக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரயிலும் இல்லாத காலத்தில், 1820களிலிருந்து, நம் நாட்டு ஜனங்கள் ராமேஸ்வரம் பக்கமிருந்து சின்னப் படகுகளில் மன்னாருக்கு வந்து, காடு வழியாக நடந்தே மலைக்கு ஏறினார்கள். பாதை நெடுகக் காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்து செத்தார்கள். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் காடு முடிந்து மலை தொடங்குகிற இந்த மாத்தளையில் கும்பிட்ட அம்மன் இவள். 1983 கலவரத்தில் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த கோயில். 2023இல் மலையக மக்கள் (தோட்டத்துத் தமிழர்கள்) வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் அதே வழியில் நடந்தே வந்தது. அத்தானும் கடைசி சில மைல் அவர்களோடு நடந்திருக்கிறார். "கால் வலிச்சிச்சு. ஆனா பஸ்ல ஏற மனசு வரல" என்றார்.

நாங்கள் அவர்கள் வந்ததற்கு எதிர்த்திசையில் போனோம். தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் இடது பக்கம் திரும்பினால் மன்னார்ச் சாலை. மலையின் பச்சை போய்க் கொஞ்சம் கொஞ்சமாக முள்மரமும் வெயிலும் பனையும் வந்தன. மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததும் பெரியம்மா, "இது நம்ம உடன்குடி மாதிரில்லா இருக்கு" என்றாள். உண்மைதான். அதே மணல், அதே பனங்கூட்டம், அதே உப்புக் காற்று.

வெள்ளி, தலைமன்னார்

காலையில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பெரியம்மா பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு வந்தாள்.

தலைமன்னார் இறங்குதுறை ஸ்டேஷன் இப்போது புதிது. 1990இல் போரில் நின்றுபோன பாதையை இந்திய நிறுவனம் ஒன்று திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து சிறிது தூரத்தில் பழைய இறங்குதுறையின் தூண்கள் கடலுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. அங்கே போய் நின்று பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஹட்டன்ல ஏத்திவிட வந்தவிய எல்லாம் கோச்சி ஜன்னலப் புடிச்சிக்கிட்டே ஓடி வந்தாவ. அழுகைக் கோச்சின்னுதான் அதுக்குப் பேரு. ராத்திரி முழுக்க ஓடி விடியக்காலம் இங்கன வந்து நின்னுச்சு. ராமானுஜம் கப்பல் நின்னுச்சு அந்தா அந்த எடத்துல. எங்கம்மா கப்பல்ல ஏற மாட்டேன்னு மணல்ல உக்காந்துட்டா. எங்கப்பாதான் கையப் புடிச்சித் தூக்குனாவ. நான் ஒங்க அம்மைய இடுப்புல வச்சிருந்தேன். கப்பல் நவுந்ததும் ஒருத்தரும் பேசல. ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் கேம்புக்குக் கொண்டுபோனாவ. அங்கன குடும்பக் கார்டு குடுத்தாவ. அதுக்கப்புறம் கயத்தாறு."

அத்தை பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். கோச்சி போன பிறகு என்ன நடந்தது என்பது அவருக்கு இதுவரை தெரியாது.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் மெட்ராசிலிருந்து ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போக முடிந்தது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டுக் கப்பல், தலைமன்னாரில் கப்பலை விட்டு ரயில். நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான். அதுவரை கப்பல் பயணிகளோடு தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த போட் மெயில் ரயில் அன்றிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் போர் வந்து அதுவும் நின்றது. நாங்கள் நின்ற இடத்தில் இன்றைக்கு ரயில் இருக்கிறது, கடல் இருக்கிறது, அக்கரையில் ராமேஸ்வரத்திலும் ரயில் நிலையம் இருக்கிறது. கப்பல் மட்டும் இல்லை.

போர் முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் ஏன் இல்லை என்று நான் கேட்கிறேன். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் விட்டார்கள், நின்றது, 2024இல் மறுபடி விட்டார்கள், மழைக்காலத்தில் நின்றது, 2025 மாசியில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நூற்றைம்பது பேர் ஏறக்கூடிய சின்னக் கப்பல், நாலு மணி நேரப் பயணம். அது யாழ்ப்பாணத்துக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கும் உதவும், உதவட்டும். நெல்லைச் சீமைக்கும் மலையகத்துக்கும் உள்ள வழி தூத்துக்குடி–கொழும்புதான். 2011இல் விட்டது ஆயிரம் பேர் ஏறும் பெரிய கப்பல். அத்தனை இடம் நிரம்பவில்லை, கடன்தான் ஏறியது. அளவான கப்பல் ஒன்றை, வாரத்துக்கு இரண்டு நடை, விமானக் கட்டணத்தில் பாதிக்கு, முப்பது நாற்பது கிலோ சாமானோடு விட்டுப் பாருங்கள். தோட்டத்திலிருந்து கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வருகிறவர்கள் ஏறுவார்கள். விமானச் சீட்டு வாங்க முடியாதவர்களுக்கும் அக்கரையில் சொந்தம் இருக்கிறது.

சனி, திருநெல்வேலி

கட்டுநாயக்காவிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து பஸ். வீடு சேர இரவு ஒன்பது மணி. பெட்டியில் தேயிலைத் தூளும் மாசிக்கருவாடும் அத்தை கொடுத்த ஒரு பாக்கெட் பால்டொபியும்.

அத்தையை நெல்லையப்பர் ஆனித் தேருக்கு அழைத்திருக்கிறோம். அவர் இதுவரை நாட்டை விட்டு எங்கும் போனதில்லை, பாஸ்போர்ட் இல்லை. கண்டியிலேயே எடுக்கலாம் என்று அத்தான் விசாரித்து வைத்திருக்கிறார். எந்த வழியாக வருவது என்பதில்தான் இன்னும் முடிவில்லை. மதுரை விமானம் என்றால் சீக்கிரம், ஆனால் தனியாகப் பறக்க அத்தைக்குப் பயம். நாகைக் கப்பல் என்றால் ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்கே ஒரு நாள். ஆனி மாதக் காற்றில் கப்பல் ஒழுங்காக ஓடுமா என்றும் பார்க்க வேண்டும். அந்த மாதம் இந்தக் கப்பல்களில் போய் வந்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள், உதவியாக இருக்கும்.

சற்று முன் அத்தானிடமிருந்து செய்தி வந்தது. அத்தை ஹட்டன் கடைவீதியில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டாராம். தேருக்கு எத்தனை சேலை கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறார். பெரியம்மா பதிலை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், டைப் பண்ண வேண்டும்.